இரண்டாவது கியர் விழ மாட்டேன் என்கிறது

அக்டோபர் 22, புதன்

தலைதீபாவளிக்கு வந்திருந்த மிருதுளாவும் மாப்பிள்ளையும் காலையில் திருப்பூருக்குக் கிளம்பிப் போனார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சரோஜினி பட்சண டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் ஒரு சுற்று போனேன்.

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தேன். 'கரக்'.

திரும்ப அழுத்தி, திரும்ப இழுத்தேன். மறுபடியும் அதே சத்தம். பக்கத்தில் பைக்கில் நின்ற பையன்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இந்தக் காரைப் பார்த்து இதுவரை எல்லோரும் வாயைப் பிளந்துதான் பழக்கம். சிரித்தது இதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

ரிடையர் ஆன கையோடு வாங்கிய கார். ஜப்பான்காரன் செய்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, கூரை தலையை இடிக்கும். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல இது எதுக்குங்க" என்று கேட்காதவர்கள் இல்லை. பம்ப்செட் கம்பெனி விற்பனைப் பிரிவில் இருந்துகொண்டு கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை சொந்தக் கையால் ஓட்டியவன் நான். கியர் போட்டு ஓட்டுவதுதான் ஓட்டுவது. தானாகக் கியர் மாறும் வண்டியில் உட்காருவதும் லிஃப்டில் நிற்பதும் ஒன்றுதான்.

இரண்டு நாளும் மாப்பிள்ளை நவநீதன்தான் இதை ஓட்டினார். மிருதுளாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரூர், வாளையாறு என்று சுற்றினார். அதற்கு முன்னால் இந்தச் சத்தம் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை "கியரை எப்படிப் போட்டீங்க" என்று கேட்க முடியுமா? மோதிரம் போட்ட கையோடு கேள்வி கேட்டால் நன்றாகவா இருக்கும்?

கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. "மாமா, செருப்போட ஓட்டாதீங்க, ஷூ போட்டுக்கங்க. சுகர் டெஸ்ட் எடுத்து எவ்வளவு நாளாச்சுங்க?" எனக்குப் பாடம்! அதுவும் செருப்பைப் பற்றி!

நவம்பர் 3, திங்கள்

காரை ஜெரால்டிடம் கொண்டுபோனேன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். இப்போது சிங்காநல்லூரில் பெரிய ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவன், அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் வண்டியை மறந்துவிடுவான்.

இஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி விழுந்தது. இஞ்சினை ஓடவிட்டு என்னைப் போடச் சொன்னான். இரண்டாவதில் கரக். ரிவர்ஸில் அதைவிடப் பெரிய கரக்.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குதுடா. கிளட்ச் முழுசா விடமாட்டேங்குது. இஞ்சின் பிடியில இருக்கறப்பவே கியரைத் திணிச்சா அது கத்தாம என்ன பண்ணும்?" என்றான்.

"ரெண்டு நாள் ஓட்டினா கிளட்ச் போயிருமா?"

"ஓட்டறவனைப் பொறுத்தது. கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டுனா போகும்."

எனக்கு அது போதும். கியர் ஆயிலை மாற்றினான், கிளட்ச் ஆயிலை மாற்றிக் காற்றை எடுத்தான். பத்து நாளில் சரியாகிவிடும் என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

பேரூர் கோயில். உச்சி வெயிலில் பிரகாரக் கல் கொதித்தது. சரோ துள்ளித் துள்ளி ஓடினாள், சின்னப் பையன்கள் கூட ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்து வந்தேன். ஒரு பெரியவர் "உங்களுக்குச் சுடலைங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். உழைத்த கால் என்றேன்.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது காலில் செருப்பே இல்லை. வலது மட்டும் இருக்கிறது. சரோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காரிலேயே கழன்று கிடந்தது. புதுச் செருப்பு, வார் தளர்வு. கடைக்காரனைக் கேட்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

சரியாகவில்லை. ஜெரால்டு கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டரையும் புதிதாகப் போட்டுவிட்டான். அவன் ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. நான் ஓட்டினால் கரக்.

"காலை ஃபுல்லா அமுக்குடா," என்றான்.

"நாப்பது வருஷமா ஓட்டறேன். எனக்கா சொல்ற?"

"நாப்பது வருஷமாத்தான் உனக்குச் சொல்லிட்டு இருக்கேன்."

கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் பாப்பநாயக்கன்பாளையம் சிக்னலில் வண்டி அணைந்தது. பின்னால் பத்து வண்டி ஹாரன். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் குனிந்து பார்த்து "சார், ஓட்டிப் பழகறீங்களா?" என்றார். இதை சரோவிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பல்லடத்தில் தூரத்துச் சொந்தக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் சம்பந்தி ஆறுச்சாமி. எதிர் வரிசையில் அவருடைய பங்காளிகள். இலையில் எல்லாம் வந்து, பேச்சும் சிரிப்புமாக இருந்தது. யாரோ என் காரைப் பற்றிக் கேட்டார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மாப்பிள்ளை ரெண்டு நாள் ஓட்டினாருங்க. அதுல இருந்து ரெண்டாவது கியரே விழ மாட்டேங்குது. ஒர்க் ஷாப்புக்கும் வீட்டுக்கும்தான் நான் ஓட்டிட்டு இருக்கேன்" என்றேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. எதிர் வரிசையில் ஒருவர், "ஏனப்பா ஆறுச்சாமி, உன் பையனுக்கு வண்டி ஓட்டவும் சொல்லித் தரலையா?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு.

சம்பந்தி சிரிக்கவில்லை. பாயசம் வந்தபோது கையை இலை மேல் குறுக்கே நீட்டி வேண்டாம் என்றுவிட்டார். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்தார். பந்தியில் நடுவில் எழுந்திருப்பவர் இல்லை அவர்.

வரும் வழியெல்லாம் சரோ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை, "பொண்ணைக் குடுத்த எடமுங்க அது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னது பொய்யில்லையே.

டிசம்பர் 2, செவ்வாய்

மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, வண்டிய நான்தான் சரியா ஓட்டல போல இருக்குதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. என்ன ரிப்பேரோ நானே பார்த்துத் தர்றேனுங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது இறங்கியது. "அட, விடுங்க மாப்ள. சின்ன வயசு. ஓட்ட ஓட்ட வந்துரும். நான் சொல்லித் தர்றேன்" என்றேன். பெருந்தன்மையாகத்தான் பேசினேன். போனை வைத்ததும் சரோவிடம் "பார்த்தியா, ஒத்துக்கிட்டாரு" என்றேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே, "ஒத்துக்கறதுக்கு என்னங்க, நல்ல வளர்ப்பு" என்றாள்.

டிசம்பர் 13, சனி

மிருதுளாவுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். டாக்டர் இங்கே என்பதால் நேற்றே வந்துவிட்டாள். காரில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதனால் சரோ வீட்டிலேயே இருந்தாள். நானும் மகளும் மட்டும். அவள் பிறந்ததிலிருந்து இப்படி நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனது எத்தனை தடவை இருக்கும்? எனக்கு உற்சாகமாக இருந்தது.

லட்சுமி மில் சிக்னலில் முன்னால் போன ஆட்டோக்காரன் திடீரென்று நின்றான். சின்ன உரசல். அவன் பிரேக் லைட்டே எரியவில்லை. இறங்கி நன்றாகக் கேட்டுவிட்டேன். மிருதுளா காருக்குள்ளேயே வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமில்லப்பா, எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். திரும்பும்போது, "நான் ஆட்டோவுல வர்றேன்ப்பா, காத்து வரும்" என்றாள். கர்ப்பிணிக்கு ஆயிரம் ஆசை. நான் ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

ஜெரால்டு கியர்பாக்ஸையே இறக்கிப் பார்த்துவிட்டான். கிளட்ச் தட்டு புதிது மாதிரி இருக்கிறதாம். "யாரும் இதைத் தேய்க்கலடா" என்றான். அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தாடையைச் சொறிந்தான். ரேஸ் ஓட்டிய காலத்தில் ஓட்டுபவன் கால் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் காலடியில் கேமரா வைப்பார்களாம். அந்தக் கதையில் அரை மணி நேரம் போயிற்று.

ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கல் சீர் கொடுக்கத் திருப்பூர் போனோம். கரும்பு மட்டும் காருக்குள் நுழையவில்லை, அதைச் சம்பந்தி வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டோம். பானை, மஞ்சள் கொத்து, அரிசி, துணி எல்லாம் சரோ மடியில்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சரோவின் பழைய போனை ஸ்டியரிங்குக்குக் கீழே இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தேன். சீரை இறக்கியதும் வீடியோவை ஓடவிட்டேன். உள்ளே போய், "மாப்ள, ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க, சரியாகிருச்சான்னு பார்ப்போம்" என்றேன். அவர் தயங்கினார். "வேண்டாமுங்க மாமா." நான் விடவில்லை. சம்பந்தி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டார். காங்கயம் ரோடு வரை போய் வந்தோம். ஒரு கரக் இல்லை. அவர் ஜாக்கிரதையாக ஓட்டுகிறார், நான் பக்கத்தில் இருப்பதால். கால் என்ன செய்ததென்று வீடியோ சொல்லும்.

சம்பந்தியம்மா மரகதம் வீட்டுக்குள்ளேயே செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கிறார். சமையலறையில், சாமி அறை வாசல் வரைக்கும்! பெரிய நாகரிகம்.

சாப்பிட்டு முடித்ததும் சரோ வளைகாப்புப் பேச்சை எடுத்தாள். மாசியில் வைத்துக்கொண்டு அப்படியே மகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றாள். வழக்கம்தானே, முதல் பிரசவம் அம்மா வீட்டில். யார் வீட்டில் இதைக் கேட்டு அனுமதி வாங்குகிறார்கள்?

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "வளைகாப்பு நல்லா செய்யலாமுங்க அத்தை. ஆனா பிரசவம் இங்கயே பார்த்துக்கலாமுங்க" என்றார்.

சரோவின் முகத்தில் ஈயாடவில்லை. மிருதுளாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பந்தியில் சொன்னதற்குப் பழி வாங்குகிறார். மன்னிப்புக் கேட்டதெல்லாம் வெறும் வாய் வார்த்தை. வரும்போது சரோ அழுதுகொண்டே வந்தாள். "உங்க ஒரு வாய்க்கு, எம் பொண்ணு என் கையில பெத்துக்க முடியாமப் போச்சு." இரண்டாவது கியர் வழியெல்லாம் கத்தியது. போனை அணைக்கவும் மறந்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

ஜெரால்டின் ஆபீசில் வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். "இப்பப் பாரு உன் மாப்பிள்ளை லட்சணத்தை" என்று நான்தான் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

மாப்பிள்ளையின் ஷூ போட்ட கால். கிளட்ச்சைக் கடைசி வரை அழுத்துகிறார். கியர் விழுந்ததும் காலை எடுத்துத் தரையில் ஓரமாக வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் அப்படியே. ஜெரால்டு, "பாடப் புத்தகத்துல போடலாம்டா இந்தக் காலை" என்றான். நான் வீடியோவை நிறுத்தச் சொன்னேன். அவன் ரிமோட்டில் எதையோ அழுத்த, வீடியோ கடகடவென்று முன்னால் ஓடி அடுத்த கால் வந்துவிட்டது.

என் கால்.

கிளட்ச் மேல் வைக்கிறேன். முக்கால் தூரம் போகிறது, நிற்கிறது. நான் கியரை இழுக்கிறேன், கரக். மறுபடியும் முக்கால். முழுக்க அழுத்தினேன் என்றுதான் அன்றும் நினைத்தேன், எல்லா நாளும் நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் செருப்பு கழல்கிறது. கழன்று, சறுக்கி, கிளட்ச்சுக்கு அடியிலேயே போய்க் கிடக்கிறது. நான் வெறுங்காலால் அதற்கு மேல் மிதித்துக்கொண்டே இருக்கிறேன். திருப்பூரிலிருந்து வீடு வரை. எனக்குத் தெரியவே இல்லை.

ஜெரால்டு கிண்டல் செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "நஞ்சப்பா, ஒரு டாக்டரைப் பாருடா" என்றான். மெதுவாகச் சொன்னான். அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் என்னையே பார்க்க முடியாமல் நின்றேன்.

ஜனவரி 14, புதன்

கார் ஜெரால்டிடமே நிற்கிறது. சரோவிடம், பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாப்பிள்ளை போன் செய்து வாழ்த்துச் சொன்னார். போனை சரோவிடம் கொடுத்துவிட்டேன். அவள் நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். எவ்வளவு கீழே இறங்கிவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

டாக்டர். சுகர் பார்டர்லைன்தான் என்று நானாகச் சொல்லிக்கொண்டு மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிட்டிருந்தேன். அது எந்த எல்லையையும் எப்போதோ தாண்டிவிட்டதாம். இரண்டு காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது. குதிகாலுக்குப் பக்கத்தில் கருகிப்போன தோல். "சூடு பட்டிருக்கு, எங்க மிதிச்சீங்க?" என்று கேட்டார். கோயிலில் என்றேன். உழைத்த கால் என்று சொல்லவில்லை.

வண்டி ஓட்டக் கூடாது. இதை அவர் சாதாரணமாக, காப்பியில் சர்க்கரை கூடாது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

சரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் என் காலை எடுத்து மடியில் வைக்க வந்தாள், நான் இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளைகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்றாள். போனில் சொல்லிவிடலாம் என்றேன். "பந்தியில போன்லயா சொன்னீங்க?" என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

திருப்பூர் போகலாம் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பஸ்ஸில் திருப்பூர் போனேன். தனியாக. காலில் டாக்டர் சொன்ன ஷூ.

சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மிருதுளா நான்கு பேரும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றால் டம்ளரைக் கீழே வைக்கவே கை வரவில்லை. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"கியரைக் கெடுத்தது நாந்தானுங்க சம்பந்தி. என் கால் வேலை செய்யல. மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அத்தனை பேர் முன்னால உங்க சோத்தைக் கெடுத்தேன். மன்னிச்சுக்கங்க."

அவ்வளவுதான் வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "நான் அதைவிட மோசமுங்க. பந்தியில இருந்து வந்து இவனைப் பிடிபிடின்னு பிடிச்சேன். உங்களுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுன்னு நாந்தான் நிக்க வெச்சேன். இவன் 'சரிங்கப்பா'ன்னு கேட்டான். நான் கெடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லல."

நான் அன்று போனில் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. சின்ன வயசு. ஓட்ட ஓட்ட வந்துரும். நான் சொல்லித் தர்றேன். தரை பிளந்தால் இறங்கிவிடுவேன் போல இருந்தது.

சம்பந்தியம்மா உள்ளேயிருந்து எனக்கு ஒரு ஜோடி செருப்பு கொண்டுவந்து வைத்தார். "வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்காதீங்க அண்ணா. எனக்கும் சுகருதானுங்க, நடந்து நடந்து கால்ல ரெண்டு விரலைக் குடுத்துட்டேன்" என்றார். இவர் நாகரிகத்துக்குச் செருப்பு போடுகிறார் என்று நான் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று இப்போது பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

மாப்பிள்ளை பஸ் ஏற்றிவிட வந்தார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றோம். என் கால் விஷயத்தை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"தீபாவளி அன்னிக்கே தெரிஞ்சுதுங்க மாமா. நீங்க ஓட்டிக் காட்டுனப்ப கால் முழுசா போகல. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க வண்டி ஓட்டறதுல எவ்வளவு பெருமை வெச்சிருக்கீங்க."

"அப்பறம் ஏனுங்க மாப்ள பிரசவம் இங்கயேன்னு சொன்னீங்க? பந்தியில நான் பேசுனதுக்குத்தானே?"

"ஐயோ, இல்லீங்க மாமா." அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஸ்கேன் முடிச்சுட்டு வந்து மிருதுளா ரொம்ப அழுதா. ஆட்டோக்காரன் லைட் எரிஞ்சுதாமுங்க. அவன் நின்னு ரொம்ப நேரமாச்சாம். நீங்க பிரேக்கை மிதிக்கவே இல்லையாம். கால் பிரேக்குக்குப் பக்கத்துல கீழ இருந்துச்சாம். மிதிச்சுட்டதா நெனச்சுட்டு நீங்க பேசிட்டே இருந்தீங்களாம். எங்க அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா. உங்க வீட்டுல இருந்தா, வலி வந்தா நீங்கதான் கார்ல தூக்கிப் போட்டு ஓட்டுவீங்க. வேண்டாம்னு உங்க முகத்தைப் பார்த்து எப்படிங்க சொல்றது?"

பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாரா என்று தெரியவில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கியரைப் பற்றித்தான் நான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆட்டோக்காரனை நடுரோட்டில் நிற்க வைத்து நான் பேசிய பேச்சு! அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். காருக்குள் என் மகள், அவள் வயிற்றில் ஒரு உயிர். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்கும் வரை நான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஜெரால்டிடம் போய்க் காரை விற்றுவிடு என்றேன். நல்ல கால் உள்ள ஆளாகப் பார்த்துக் கொடு என்றேன். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறாயா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து, காரை விற்கக் கொடுத்துவிட்டேன், இனி எந்த வண்டியையும் தொட மாட்டேன், தெருமுனையிலேயே டாக்சிக்காரர் இருக்கிறார், பேசி வைத்துவிட்டேன் என்றேன். "மகளை அனுப்புங்க" என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். சரோ போனைப் பிடுங்கித் தானே கேட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

வளைகாப்பு. மிருதுளாவின் கை நிறையக் கண்ணாடி வளையல். பல்லடத்துப் பந்தியில் சிரித்த பங்காளிகளும் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது நானாகவே எழுந்து அவர்களிடம் போய்ச் சொன்னேன், கார் விஷயம் என் தப்பு, மாப்பிள்ளை என்னைவிட நன்றாக ஓட்டுகிறார் என்று. ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆறுச்சாமி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினார், எனக்கு வாங்க விடவில்லை.

சாயங்காலம் வேனில் மகளைக் கூட்டி வந்தோம். மாப்பிள்ளை ஓட்டினார். நான் பின் சீட்டில், வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று மதியம் திருப்பூர் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால், கையில் ஒரு சின்னக் கண்ணாடியும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "காலைக் குடுங்க மாமா, பார்த்துட்டுப் போயிடறேன். அம்மாவுக்கு தினமும் நாந்தான் பார்ப்பேன். மிருதுளாவால குனிய முடியாது, அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

எனக்கு உடம்பு கூசியது. மணவறையில் தாம்பாளத்தில் நிற்க வைத்து நானும் சரோவும் பாலூற்றிக் கழுவிய கால் அவருடையது. அவர் என் காலைத் தொடுவதா? இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. ஷூவைக் கழற்றி, குதிகாலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். புது வேட்டி கட்டியிருந்தார், என் கால் அதன் மேல் இருந்தது. மிருதுளா கதவுப் பக்கம் வந்து நின்றாள், வளையல் சத்தம் கேட்டது.

"கண்ணை மூடிக்கங்க மாமா. பேனாவால தொடறேன். தெரிஞ்சா சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அவர் இன்னும் தொடவில்லை என்றுதான் நினைத்தேன்.

"இப்பத் தெரியுதுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார். மகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தெரியலைங்க மாப்ள," என்றேன்.

"சரிங்க மாமா," என்று அடுத்த விரலுக்குப் போனார்.